கடலடியில் சிக்கிய நான்கு பெட்டிகள்

நிலஅதிர்வுப் பதிவுகளைப் படிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். உங்களில் இருவர் யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வந்தவர்கள், ஒருவர் சென்னையிலிருந்து வந்தவர், மற்றவர்கள் ஒஸ்லோவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று அறிந்தேன். கருவிகளைப் பற்றியும் கணிப்பு முறைகளைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு அவையெல்லாம் மாறிவிட்டன. நான் செய்த ஒரு பிழையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதை நான் தமிழில் செய்தேன். ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறிய பிழை. பெரிய பிழை அதிலிருந்துதான் பிறந்தது.

எண்பதுகளின் கடைசியில் இலங்கையிலிருந்து நோர்வேக்கு வந்து, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் இரண்டு வருடம் மீன் வெட்டிவிட்டு, ஒஸ்லோவில் மறுபடியும் நிலவியல் படித்து இந்த வேலைக்குள் நுழைந்தவன் நான். சேர்ந்து மூன்றாவது வருடம், கடலுக்கடியில் ஏதோ வெடிக்கிறது என்று பதிவுகளைப் பார்த்து முடிவு கட்டினேன். சீரான இடைவெளியில் ஒரே அளவான துடிப்புகள், மணிக்கணக்காக வந்துகொண்டிருந்தன. நான் யாரிடமும் கேட்காமல் அறிவித்தல் எழுதி அனுப்பினேன். மறுநாள் ஒரு பத்திரிகையிலும் அது வந்துவிட்டது. உண்மையில், எண்ணெய் தேடும் கப்பல் ஒன்று அடிப்பாறையை அறிவதற்காகக் கடலுக்குள் காற்றுத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு போயிருந்தது. அந்தச் சத்தத்தைத்தான் நான் எரிமலை என்று எழுதியிருந்தேன்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் மூத்தவர் ஒருவர் இருந்தார். யன்னலோரம் இருந்து பத்து மணிக்கு ஒரு தோடம்பழம் உரிப்பார். அவர் என் பதிவுத் தாளைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "எரிமலைக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியுமா?" என்று கேட்டார். அதற்கு மேல் ஏசவில்லை. ஒரு வெற்றுத் தாளை எடுத்து நடுவே கோடு போட்டார். இடது பக்கத்தில் பார்த்ததை எழுது, வலது பக்கத்தில் நினைப்பதை எழுது, இரண்டையும் அடுத்தவரிடம் கொடு, அவர் வலது பக்கத்தைப் பேனாவால் அடிக்கட்டும், இடது பக்கத்தை யாரும் அடிக்க முடியாது என்றார்.

நல்ல பாடம். ஆனால் நான் அதைப் படிக்கவில்லை. நான் படித்தது வேறு: வாயைத் திறந்தால் அவமானம். வெளிநாட்டான் பிழை விட்டால் இரண்டு மடங்கு நினைவில் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த அறிக்கையிலும் 'இருக்கலாம்', 'உறுதி இல்லை', 'மேலும் தரவு தேவை' என்றே எழுதினேன். இரண்டாயிரத்துக்குப் பின் நோர்வே நடுநின்று நடத்திய சமாதானப் பேச்சுக்காலத்தில், மத்தியான உணவு மேசையில் நோர்வேக்காரர்கள் இலங்கையில் என்ன நடக்கும் என்று கேட்பார்கள். அங்கும் அதே பதில்தான். கவனமான ஆள் என்று எனக்குப் பெயர் வந்தது. பதவியும் உயர்ந்தது. பயத்துக்குக் கவனம் என்று பெயர் வைத்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பதை அந்த வருடங்களில் கண்டுகொண்டேன்.

தாரணி எங்களிடம் வந்து சேர்ந்தது அந்தப் பேச்சுகள் முறிந்து சில வருடங்களுக்குப் பிறகுதான். ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தகப்பன் பஸ் ஓட்டுபவர். தாய் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். பூசைகளிலும் கலியாண வீடுகளிலும் கண்டு பழகிய குடும்பம். இந்த வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னதே நான்தான் என்று தகப்பன் எல்லோரிடமும் சொல்லுவார். அது முழுக்க உண்மை இல்லை. விளம்பரம் வந்திருப்பதைச் சொன்னேன், அவ்வளவுதான். அவள் தன் திறமையில் வந்தவள்.

அலுவலகத்தில் எல்லோரும் பெயர் சொல்லியே கூப்பிடுவோம். நோர்வேயில் மேலதிகாரியும் பெயர்தான், துப்புரவு செய்பவரும் பெயர்தான். தாரணியும் நோர்வேஜிய மொழியில் என்னை "சிவா" என்பாள். "சிவா, இந்த இடத்தில் நீங்கள் சொல்வது பிழை" என்று கூட்டத்தில் நேராகச் சொல்லுவாள். நாங்கள் இருவர் மட்டும் நிற்கும்போது தமிழுக்கு மாறினால் நான் "அங்கிள்" ஆகிவிடுவேன். அப்போது அவள் குரல் ஒரு படி இறங்கும். பிழை என்று சொல்லமாட்டாள். "அப்பிடியும் இருக்கலாம் என்ன, அங்கிள்?" என்பாள். இந்த வித்தியாசத்தை நான் கவனித்திருந்தேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

இனி அந்த ஜூன் மாதத்துக்கு வருகிறேன்.

கிறீன்லாந்துக்கும், நோர்வேக்கு வடக்கே துருவத்தை அண்டிய ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் இடையே கடலின் அடியில் ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. அங்கே பூமியின் மேலோடு மெல்ல மெல்ல இரண்டாகப் பிரிகிறது. பிரியும் வெடிப்பு வழியே சில வேளைகளில் எரிமலைக் குழம்பு மேலே வரும். மேலே மூன்று கிலோமீட்டர் தண்ணீர். புகை வராது, சாம்பல் வராது. கப்பல் நேர் மேலே நின்றாலும் கடல் வழக்கம்போலவே இருக்கும். அந்த மலைத்தொடரின் உச்சியில் முந்திய கோடையில் ஆறு கருவிகளை இறக்கி வைத்திருந்தோம். நாங்கள் அவற்றைப் பெட்டி என்போம். கடலின் அடியில் இருந்து, சின்னஞ்சிறு அதிர்வுகளையும் தமக்குள்ளேயே பதிவு செய்துகொண்டிருக்கும். அங்கிருந்து எங்களுக்குச் செய்தி அனுப்ப அவற்றால் முடியாது. கப்பல் போய், மேலிருந்து ஒலியால் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் பெட்டி முதலில் ஒலியாலேயே பதில் சொல்லும். பிறகு அடியில் கட்டிய பாரத்தைக் கழற்றிவிட்டு, மிதவையோடு மேலே வரும். அந்த வருட ஓகஸ்டில் எடுப்பதாக ஏற்பாடு.

ஜூன் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை அந்தப் பகுதியில் நிலநடுக்கங்கள் தொடங்கின. சிறியவைதான். தூரத் தீவுகளில் உள்ள நிலையங்களில் பதிவானவை மட்டுமே எங்களுக்குத் தெரிந்தன. இப்படி அங்கே அடிக்கடி நடக்கும், இரண்டு நாளில் அடங்கிவிடும். வியாழக்கிழமை வரை இது அடங்கவில்லை.

வியாழன் காலை ஒன்பது மணிபோல் தாரணி ஒரு தாளோடு என் அறைக்கு வந்தாள். நான் தொலைபேசியில் இருந்தேன். கதவடியில் காத்து நின்றாள். பேசி முடித்ததும் தாளை என் மேசையில் வைத்தாள்.

"இது நிண்ட இடத்திலை நிக்கேல்லை, அங்கிள். நடக்குது."

நடுக்கங்கள் ஒரே இடத்தில் குமியாமல், மலைத்தொடரின் முதுகு வழியே தெற்கு நோக்கி நகர்வதாகச் சொன்னாள். நிலத்தடி வெடிப்புக்குள் குழம்பு நுழைந்து முன்னேறினால் அப்படித்தான் ஆகும். குழம்பின் முனை போகும் இடமெல்லாம் பாறை உடையும். நான் தாளைக் கையில் எடுக்காமலே, எங்கள் நிலையங்களின் தூரத்துக்கு இடக் கணிப்பில் வரும் பிழை இந்த நகர்வைவிடப் பெரிது என்றேன். அது தனக்கும் தெரியும் என்றாள். ஒவ்வொன்றையும் தனியாகக் கணிக்காமல், தெளிவான ஒரு நடுக்கத்தை வைத்து மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுக் கணித்திருப்பதாகவும், அப்படிச் செய்தால் பிழை மிகவும் குறையும் என்றும் சொன்னாள். முறை சரியானது. சரியாகச் செய்திருக்கிறாளா என்று பார்க்க எனக்குப் பத்து நிமிடம் போதும். பிறகு பார்க்கிறேன் என்றேன். வேறொரு கோப்பை எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்தேன்.

பத்து மணிக்குப் பிரிவுத் தலைவி வந்தார். மேற்குக் கரையைச் சேர்ந்தவர், சுற்றி வளைக்காமல் பேசும் பெண். வடக்கே துரொம்சோ துறைமுகத்தில் ஒரு ஆய்வுக் கப்பல் நிற்கிறது, மறுநாள் காலையில் குளிர்கடல் பவளப்பாறை ஆய்வுக்காகத் தெற்கே போகப்போகிறது, நாங்கள் கேட்டால் முதலில் வடமேற்கே திருப்பலாம் என்றார். பனிக்கட்டி விளிம்பு அந்த வருடம் மேற்கே விலகியிருந்தது. இரண்டரை நாளில் போய்ச் சேரலாம். பெட்டிகளை எடுக்கலாம், சூடான நீரை அள்ளலாம், கமெராவை இறக்கலாம். ஆழ்கடலில் வெடிப்பு நடக்கும் நேரத்தில் அதன் மேல் போய் நின்றவர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. ஆனால் திருப்பினால் பவளப்பாறைக்காரர்களுக்கு இரண்டு வாரம் போய்விடும். கப்பலின் ஆய்வுப் பொறுப்பாளருக்குப் பன்னிரண்டு மணிக்கு முன் பதில் வேண்டும் என்றார்.

பதினொரு மணிக்குச் சிறிய கூட்ட அறையில் தலைவியும் தாரணியும் நானும் இருந்தோம். கப்பலின் பொறுப்பாளர் தொலைபேசியில், ஒலிபெருக்கி வழியே கேட்டுக்கொண்டிருந்தார். தலைவி என்னைப் பார்த்து, "சிவா, குழம்பா, இல்லையா?" என்று கேட்டார்.

சொல்ல முடியாது என்றேன். இடக் கணிப்பின் பிழை பெரிது, இதுபோன்ற தொடர்கள் முன்பும் வந்து அடங்கியிருக்கின்றன, ஓகஸ்டில் பெட்டிகளை எடுத்த பிறகுதான் தெரியும் என்றேன். இதுவரை நான் சொன்னதில் பொய் இல்லை.

தாரணி நோர்வேஜிய மொழியில் தொடங்கினாள். "சிவா சொல்வதை நான் ஏற்கவில்லை" என்றாள். தான் ஒப்பிட்டுக் கணித்த முறையை விளக்கினாள். நகர்வின் வேகத்தைச் சொன்னாள். இப்படியே போனால் நான்கு பெட்டிகள் இருக்கும் இடத்தை அது கடக்கும் என்றாள். தலைவி குறிப்பேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார். தொலைபேசியில் இருந்தவர், "தொடருங்கள்" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. பதினைந்து வருடத்தில் என் பேச்சுக்கு யாரும் அப்படி, தொடருங்கள் என்று சொன்னதில்லை. அதைவிட, அவள் கணிப்புப் பிழைத்தால் பத்திரிகையில் வரப்போவது யாருடைய பெயர் என்ற எண்ணம். பழைய காற்றுத் துப்பாக்கி அவமானம் முழுவதும் ஒரு கணத்தில் திரும்பி வந்தது. நான் அவள் பக்கம் திரும்பினேன். வழமையில் அவளோடு தமிழில் "நீர்" என்று மரியாதையாகப் பேசுபவன் நான், அன்று "நீ" ஆக்கிவிட்டேன்.

"பிள்ளை, போதும். இதுக்கு மேலை கதைக்காதை. பெரியாக்கள் இருக்கினம் தானே."

கோபமாகச் சொல்லவில்லை. கலியாண வீட்டில் ஓடித் திரியும் பிள்ளையை இருத்துவதுபோல மெதுவாகச் சொன்னேன். அவள் வாய் பாதிச் சொல்லில் நின்றது. முகம் சிவந்து, பிறகு வெளிறியது. கண்ணை மேசைக்குத் தாழ்த்தினாள்.

என்ன சொன்னீர்கள் என்று தலைவி கேட்டார்.

நான் நோர்வேஜிய மொழியில் சொன்னேன்: "இன்னொரு முறை சரிபார்க்கும்வரை பொறுப்போம் என்றேன். அவளும் அதை ஏற்கிறாள்."

தலைவி அவளைப் பார்த்து, "அப்படியா?" என்று கேட்டார்.

தாரணிக்கு இரண்டு மொழியும் தெரியும். நான் சொன்னது பொய் என்று அந்த அறையில் தெரிந்திருந்த ஒரே ஆள் அவள். தன் தகப்பனின் நண்பனைப் பொய்யன் என்று சொல்வதா, இல்லையா என்று தீர்மானிக்க அவளுக்கு இரண்டு விநாடி இருந்தது. "ஆம்" என்றாள். கப்பல் மறுநாள் தெற்கே போனது.

ஓகஸ்டில் பெட்டிகளை எடுக்கப் போன கப்பலில் நானும் போனேன். அவற்றைச் செய்த பொறியாளரும் வந்தார். திராமன் நகரத்துக்காரர், அதிகம் பேசாதவர். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கைபோட்டு வேலை செய்தவர். கடல் அமைதியாக இருந்தது. வடக்கோரத்துப் பெட்டியைக் கூப்பிட்டோம், பதில் சொன்னது, ஒரு மணித்தியாலத்தில் செம்மஞ்சள் மிதவை தண்ணீரில் தெரிந்தது. தெற்கோரத்துப் பெட்டியும் அப்படியே வந்தது. நடுவே இருந்த நான்கில் இரண்டு பதிலே சொல்லவில்லை. மற்ற இரண்டும் பதில் சொல்லின. பாரத்தைக் கழற்றிவிட்டோம் என்றும் சொல்லின. ஆனால் மேலே வரவில்லை.

பொறியாளர் காதில் கேட்பொறியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் தூரத்தை அளந்து சொல்லிக்கொண்டிருந்தார். தூரம் குறையவே இல்லை. கூப்பிட்டால் பதில் வந்தது. மறுபடி கூப்பிட்டால் மறுபடி வந்தது. பின்னேரம் வரை கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். கடைசியில் அவர் கேட்பொறியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அடியில் சிக்கிவிட்டன" என்றார்.

மறுநாள் கமெராவை இறக்கினோம். கடலின் அடியில் வருடக்கணக்காகப் படிந்து கிடக்கும் சாம்பல் நிறச் சேறு திடீரென்று ஓரிடத்தில் நின்றது. அதற்கப்பால் கரிய, கண்ணாடிபோல் மினுங்கும் புதுப் பாறை. தலையணைகளை அடுக்கியதுபோல உருண்டை உருண்டையாகக் கிடந்தது. அதன் மேல் ஒரு தூசிகூட இல்லை. இடுக்குகளிலிருந்து நீர் கலங்கி எழுந்தது. பிறகு மிதவையின் செம்மஞ்சள் நிறம் திரையில் வந்தது. பெட்டியின் கீழ்ப் பாதி பாறைக்குள் இருந்தது.

பொறியாளர் திரையைப் பார்த்தபடியே, இது வருமென்று யாருக்காவது தெரிந்திருந்ததா என்று கேட்டார். யாருக்கும் உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை என்றேன். அந்த வசனத்தை நீங்கள் கவனித்துப் பார்க்கவேண்டும். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

தப்பி வந்த இரண்டு பெட்டிகளின் பதிவுகளைப் படித்தபோது எல்லாம் மணிவாரியாகத் தெரிந்தது. நடுக்கங்கள் தாரணி சொன்ன திசையிலேயே, ஏறக்குறைய அவள் சொன்ன வேகத்திலேயே நகர்ந்திருந்தன. சூடான குழம்பு கடல்நீரைத் தொடும்போது எழும் வெடிப்பொலிகள் எங்கள் கூட்டம் நடந்து ஒன்பதாம் நாள்தான் தொடங்கியிருந்தன. கப்பல் போயிருந்தால் ஆறு பெட்டிகளையும் எடுத்திருக்கலாம். வெடிப்பு தொடங்கும்போது மேலே நின்றிருக்கலாம்.

கூட்டத்துக்குப் பிறகு தாரணி என்னோடு தமிழில் பேசவில்லை. மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்டதற்கு நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லுவாள். பதிவுகள் வந்த அன்று நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்திருப்பாள். "உம்முடைய கணிப்புக்கு நெருக்கமாக வந்திருக்கிறது" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு அறை தள்ளி இருந்தவளுக்கு மின்னஞ்சல். ஒக்டோபரில் வேலையை விட்டாள். ஆசிரியப் பயிற்சிக்குப் போவதாகத் தலைவியிடம் சொன்னாளாம். பிரியாவிடைக்குக் கேக் வெட்டினோம். அன்று எனக்கு உண்மையாக வந்த உணர்ச்சி ஆறுதல். இதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ஒஸ்லோவின் குறொன்லாண்டுக் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனேன். வாழைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் தாரணியின் தகப்பன் நின்றார். கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்தார்.

"பிள்ளைக்கு அந்த வேலை சரிவரேல்லைப் போலை கிடக்கு, அண்ணை. ஏன் விட்டனி எண்டு கேட்டாலும் சொல்லுறாள் இல்லை. நீங்கள் எவ்வளவோ செய்தனீங்கள். குறை நினைக்காதேங்கோ."

அவள் வீட்டில் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அறையில் என்னைக் காப்பாற்றியவள் தன் வீட்டிலும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அது தெரியாத தகப்பன் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் "பரவாயில்லை" என்றேன். ஒரு மனிதன் சொல்லக்கூடிய மிகக் கேவலமான 'பரவாயில்லை' அது. வாங்கிய மரக்கறிகளைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். கடைக்காரப் பிள்ளை வீதிவரை ஓடிவந்து பையைக் கையில் தந்தது.

திங்கட்கிழமை காலை தலைவியின் அறைக்குப் போனேன். அந்த நாட்களில் வெடிப்பைப் பற்றிய அறிக்கை தயாராகிக்கொண்டிருந்தது. முதல் பெயராக என் பெயர் இருந்தது. தாரணியின் பெயர் முதலில் வரவேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். கூட்டத்தில் தமிழில் நான் சொன்னது என்ன என்பதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துச் சொன்னேன். பிறகு, அவருக்கு நான் சொன்ன மொழிபெயர்ப்பையும் நினைவூட்டினேன்.

"பிழையான கணிப்பு என்றால் அறிக்கையில் எழுதலாம்" என்றார். "இதை நான் எங்கே எழுதுவது, சிவா?"

எழுதுவதற்கு இடம் கண்டுபிடித்தார். கூட்டத்தின் குறிப்புக்குத் திருத்தம் எழுதி என்னைக் கையெழுத்திட வைத்தார். கப்பலின் பொறுப்பாளருக்கும் திராமன்காரப் பொறியாளருக்கும் நானே கடிதம் எழுதவேண்டும் என்றார். பொறியாளர் பதில் போடவில்லை. ஒரு வருடத்துக்கு அறிவித்தல்களை உறுதிப்படுத்தும் பொறுப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. அறிக்கையில் தாரணியின் பெயர் முதலில் வந்தது, முதல் படமாக அவளுடைய தாள் வந்தது. அந்தத் தாளைத் தேடிப் போனபோது என் மேசையில் அந்தக் கோப்பின் அடியிலேயே, வைத்தபடி கிடந்தது. அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். புள்ளிகளுக்கு நாள்வாரியாக நிறம் தீட்டியிருந்தாள். நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடிந்தது. ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும்.

ஜனவரியில் அறிக்கையின் ஒரு பிரதியையும் கடலடியில் எடுத்த படங்களையும் கொண்டு ஹொல்ம்லியாவுக்குப் போனேன். தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் போனேன். தாய் தேத்தண்ணியும் வடையும் வைத்தா. தகப்பன் எதிரே இருந்தார். தாரணி கதவோரக் கதிரையில் இருந்தாள். படங்களை அவளிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாக, கரைகளைப் பிடித்து, நேரமெடுத்துப் பார்த்தாள். மிதவை தெரியும் படத்தில் நின்றாள். இந்த விளிம்பு எவ்வளவு உயரம் என்று கேட்டாள். சொன்னேன். நீர் எவ்வளவு சூடாக இருந்தது என்று கேட்டாள். அதையும் சொன்னேன். நாங்கள் இருவரும் பழையபடி வேலை செய்வதுபோல ஐந்து நிமிடம் போனது.

பிறகு தகப்பனைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். கூட்டத்தில் அவளை என்ன சொல்லி அடக்கினேன், பிறகு என்ன பொய் சொன்னேன், அதனால் என்ன போனது எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டபோது நான் உண்மையை மறைத்து "பரவாயில்லை" என்றதையும் சொன்னேன். தாய் அவளைப் பார்த்தா. தகப்பன் என்னைப் பார்க்கவில்லை. குடிக்காத தன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது. நான் போகும்வரை அவர் திரும்பி வரவில்லை.

தாரணி படங்களை ஒழுங்காக அடுக்கி, உறையில் போட்டு என்னிடம் நீட்டினாள். அவளுக்காகத்தான் கொண்டுவந்தேன் என்றேன். வேண்டாம் என்றாள். அறிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

தாய் சொல்லியோ தானாகவோ, என்னோடு ரயில் நிலையம் வரை நடந்து வந்தாள். வழியெல்லாம் பனி இறுகிக் கிடந்தது. மணல் தூவாத இடங்களில் நான் தடுமாறினால் நின்று பார்த்துக்கொள்வாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வீட்டிலிருந்தே வசனம் ஆயத்தம் செய்து வந்தவன் நான். ஒன்றும் வரவில்லை. "பிழை விட்டிட்டன், பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

ரயில் மேடையில் நின்றபோது கேட்டாள்.

"அண்டைக்குக் கூட்டத்துக்கு முதல், என்ரை தாளைப் பார்த்தனீங்களோ, அங்கிள்?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சரிபார்க்க அவளுக்கு வழி இல்லை.

"இல்லை" என்றேன்.

தலையை ஆட்டினாள். அது அவளுக்கு முதலே தெரிந்திருந்தது போலிருந்தது.

"பார்த்திட்டுப் பிழை எண்டு சொல்லியிருந்தால், நான் வேலையிலை நிண்டிருப்பன்."

ரயில் வந்தது. நான் ஏறினேன். அவள் அடுத்த வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கத் தொடங்கினாள். நல்ல ஆசிரியை என்று கேள்விப்பட்டேன். எங்கள் தொழிலுக்கு அவள் திரும்பி வரவே இல்லை. நான் அதே அறையில், அதே மேசையில் இன்னும் ஒன்பது வருடம் வேலை செய்தேன்.